செத்தவங்க டச்சிங்

"கொஞ்சம் சிரிக்க வைக்கணும்," என்றார் பேராசிரியர். "பாருங்க, எப்படி முகத்தைச் சுளிச்சுக்கிட்டு நிக்கிறான். மண்டபத்துல மாட்டற படம். நாலு பேர் வந்து பார்க்கறது."

"அதுக்கென்ன சார், சிரிச்சிடுவாரு," என்றார் ஸ்டூடியோ முதலாளி.

கண்ணாடி மேஜையின்மேல் பட்டமளிப்பு நாளில் எடுத்த குழுப் படம் கிடந்தது. கணிதத் துறை ஆசிரியர்கள் நாற்காலிகளில். பின்னால் படிக்கட்டில் மாணவர்கள். கடைசி வரிசையின் ஓரத்தில், தூணோடு தூணாக நின்றிருந்தவன்மேல் பேராசிரியரின் விரல் இருந்தது. போர் வந்தபோது விமானப் படைக்குப் போனவன் அவன். ஏறிப்போன விமானத்தோடு கடலுக்கு மேல் எங்கேயோ காணாமல் போய்விட்டான். அவனுடைய அக்கா அதே அறையில், ஜன்னலோரம், தன் சாய்வு மேஜையில் ஒரு கல்யாணப் பெண்ணின் மோவாய்ப் பருவை அழித்துக்கொண்டிருந்தாள். பென்சில் நின்றுவிட்டது.

"இந்தக் கவுன் வேண்டாம். யூனிஃபார்ம்ல இருக்கட்டும்," என்றார் பேராசிரியர்.

"உடம்பு நம்மகிட்ட இருக்கு சார்."

இருந்தது. அந்த ஸ்டூடியோவில் உடம்புக்குப் பஞ்சமே கிடையாது. கோட்டுப் போட்ட உடம்பு, பட்டுப் புடவை கட்டிய உடம்பு, கையில் புத்தகம் வைத்த உடம்பு. தலையை மட்டும் வெட்டி ஒட்டி, மறுபடி படம் எடுத்து, ஒட்டின தடம் தெரியாமல் டச்சிங் செய்துவிடுவார்கள். ஆயுசில் கோட்டே போடாத பல தாத்தாக்கள் கோட்டும் டையுமாக ஊரிலுள்ள சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு விமானியின் படத்தை எடுத்துப் போட்டார். மார்பில் இரண்டு பக்கமும் விரிந்த சிறகுச் சின்னம்.

"பிரமாதம்," என்றார் பேராசிரியர்.

"அவனுக்கு ஒரு சிறகுதான் சார்," என்றாள் அக்கா ஜன்னலோரத்திலிருந்து. "ரெண்டு சிறகு விமானம் ஓட்டறவங்களுக்கு. அவன் ஓட்டல. பக்கத்துல உட்கார்ந்து வழி கணக்குப் பார்த்துச் சொல்றவன்."

பேராசிரியர் அப்போதுதான் அவளைப் பார்த்தவர் போல் திரும்பினார். "யாரும்மா எண்ணிப் பார்க்கப் போறாங்க?" என்றார் கனிவாக. ஆயுள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். "உன் கையாலயே நீ செய்யணும். அக்கா தம்பிக்குச் செய்யற மரியாதை. சனிக்கிழமை காலையில விழா. வெள்ளிக்கிழமை நானே வந்து வாங்கிக்கறேன்."

அவளுக்குப் பதிலாக முதலாளி தலையாட்டினார்.

அவளை ஸ்டூடியோவில் எல்லோரும் டச்சிங்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி நடக்கப் பழகும்போதே அம்மா போய்விட்டாள். அப்பாவுக்குப் பஸ் டெப்போவில் டயர் ஒட்டுகிற வேலை. வீட்டில் யாராவது ஒருவர் படிக்கலாம், ஒருவர் வேலைக்குப் போகவேண்டும் என்று ஆனபோது, படிப்பு நன்றாக வருகிறவன் தம்பி என்று முடிவாயிற்று. யார் முடிவு செய்தார்கள் என்று அவளுக்கு இப்போது நினைவில்லை. அவளே செய்திருக்கலாம். தட்டு கழுவுகிறமாதிரிதான் முதலில் கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவப் போனாள். கண் கூர்மை, கை நடுங்குவதில்லை என்று கண்டதும் முதலாளி பென்சிலைக் கொடுத்துச் சாய்வு மேஜையில் உட்கார வைத்துவிட்டார்.

மேஜையின் நடுவில் சொரசொரப்பான கண்ணாடி. அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று சாய்த்து வைத்திருக்கும். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு, கீழிருந்து நெகட்டிவ் வழியாக மேலே வரும். வெளுப்பெல்லாம் கறுப்பாக, கறுப்பெல்லாம் வெளுப்பாக ஊரே அந்த வெளிச்சத்தில் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தது. ஊசிபோல் சீவிய பென்சிலால் அவள் குத்திக் குத்தி நிரப்பிய இடம் படத்தில் வெளுக்கும். அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்கடியில் பை எல்லாம் போகும். சின்னக் கத்தியால் சுரண்டிய இடம் கறுக்கும். பென்சிலைத் தப்பாக வைத்துவிட்டால் டர்பன்டைன் நனைத்த பஞ்சால் துடைத்துவிடலாம். கத்தியைத் துடைக்க முடியாது. அதனால் கத்தியை அவள் அதிகம் தொடுவதில்லை.

தெருவில் நடக்கும்போது எதிரே வருகிறவர்களின் உண்மையான முகம் அவளுக்குத் திடுக்கென்றிருக்கும். மருந்துக் கடைக்காரருக்கு இத்தனை பெரிய மருவா என்று நினைத்துக்கொள்வாள். அதை அவள் எப்போதோ எடுத்துவிட்டிருந்தாள்.

கல்யாணப் பேச்சு வந்தபோது தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். படிப்பு முடிந்தது. பேசவந்தவர்களின் பொறுமையும் முடிந்திருந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டதில்லை. அவன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆகிவிடுவான், மாலையில் வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிடுவான், யார் யாரை மடக்கினான் என்று அளப்பான். அது போதும் என்றிருந்தாள்.

ஆகியிருக்க வேண்டியவன்தான். துறையில் ஒரே ஓர் இடம் காலி. மதிப்பெண்ணில் அவன்தான் முதல். "அது உனக்குத்தான்டா," என்று பேராசிரியர் அவன் தோளில் தட்டிச் சொல்லியிருந்தார், ஒரு முறை அல்ல. பட்டமளிப்பு அன்று காலையில் முடிவைப் பலகையில் ஒட்டினார்கள். வேலை பேராசிரியரின் பெண்ணைக் கட்டியவருக்குப் போயிருந்தது. அதற்கடுத்த அரை மணியில்தான் எல்லோரையும் படிக்கட்டில் நிற்க வைத்து முதலாளி படம் எடுத்தார். 'எல்லாரும் இங்க பாருங்க' என்றதற்கு எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். அவன் மட்டும் முன் வரிசையில் நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்த பேராசிரியரின் பிடரியைப் பார்த்தான். புருவங்களுக்கு நடுவில் கோடு விழுந்தது.

அந்தக் கோடுதான் பேராசிரியருக்கு இப்போது உறுத்தியது.

விமானப் படையில் கணக்குப் படித்தவர்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்துவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னான். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு தடவை லீவில் வந்தான், மொடமொடவென்று யூனிஃபார்மில், ஒற்றைச் சிறகோடு. அவள் அவனோடு சரியாகப் பேசவில்லை.

"தகர டப்பாவுக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கும்க்கா," என்றான் அவனாகவே. "வெளிய ஒண்ணும் தெரியாது. சின்ன மேஜை, மேப்பு, பென்சில். நீயும் நானும் ஒரே வேலைதான்."

"நான் தரையில உட்கார்ந்து செய்யறேன்," என்றாள்.

முதலாளி காசு வேண்டாம், யூனிஃபார்மில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று கூப்பிட்டார். "அந்த வேஷத்தைக் கழட்டிட்டு வரட்டும், எடுக்கலாம்," என்று அவள் சொல்லிவிட்டாள். அதனால் படம் இல்லை. அதற்காக அவள் வருந்தவில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வாள்.

முதல் தந்தியில் காணாமல் போனார் என்றிருந்தது. அடுத்ததில், இறந்ததாகக் கருதப்படுகிறார். அவளால் தாங்க முடியாதது அந்தச் சொல்தான். யார் கருதுகிறார்கள்? எந்த ஆபீஸில், எந்த நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடிப்பதற்கு முன்னாலா பின்னாலா கருதினார்கள்? கடலில் இறங்கித் தேடினார்களா? பஸ்ஸில் விட்ட குடைக்குக்கூட டெப்போவில் ஒரு வருஷம் இடம் வைத்திருப்பார்கள் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். அவர்கள் கருதிக்கொள்ளட்டும், நான் கருதமாட்டேன் என்று இருந்தாள். அவன் சட்டைகள் பெட்டிக்குப் போகவில்லை. யாராவது துக்கம் கேட்க வந்தால், "என்ன விஷயம்?" என்பாள். வந்தவர்கள் விழித்துவிட்டுப் போனார்கள். போர் முடிந்து, போனவர்களில் வரவேண்டியவர்கள் வந்து சேர்ந்த பிறகும் அவள் அப்படியேதான் இருந்தாள்.

இப்போது பல்கலைக்கழகத்துக்கு அவன் வேண்டியிருந்தது. அவர்கள் மண்டபச் சுவருக்குப் போரில் போன பட்டதாரி ஒருவன் தேவை. அவர்களிடம் இருந்தவன் இவன் ஒருவன்தான்.

இருட்டறையில் பிரிண்ட் போடுகிறவரை ஆந்தை என்பார்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடப்பார். குழுப் படத்திலிருந்து அவர்தான் தலையைப் பெரிதாக்கி வெட்டினார். யாரோ ஒரு விமானியின் கழுத்தில் தம்பியின் தலையை ஒட்டி, படம் எடுத்து, புது நெகட்டிவை அவள் மேஜைமேல் வைத்தார்.

"கழுத்து கொஞ்சம் தடியா இருக்கு தங்கச்சி. உன் தம்பிக்கு அங்க சாப்பாடு ஒத்துக்கிட்டாப்ல தெரியுது."

"போங்கண்ணே."

வியாழக்கிழமை அன்று வேலை நெருக்கம். கல்யாணப் படங்கள் ஒரு கட்டு, பாஸ்போர்ட் படங்கள் ஒரு கட்டு. அவள் எதிலும் மனசு வைக்காமல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். தம்பியின் நெகட்டிவும் அந்த வரிசையில் வந்தது. ஒட்டின தடத்தை மறைத்தாள். புருவ மத்தியை நிரப்பினாள். உதட்டோரத்து நிழலை நிரப்பினாள். அது போதும், சிரிக்கப் போகிற முகம் வந்துவிடும். கண்ணுக்குள் ஒரு புள்ளி வெளிச்சம் வைத்தாள். ஆந்தை பிரிண்ட் போட்டுக் கொடுத்ததை மடியாமல் அட்டைக்கு நடுவில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து செருப்புக்கு ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். டெப்போவை விட்டு வந்தும் கை அந்த வேலையை விடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது.

"இவன்தாம்மா," என்றார். "இவன்தான் என் பையன். அப்படியே இருக்கான்."

அவளுக்குச் சுரீரென்றது. அந்த வார்த்தைகளை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். பெரியவர்கள் போய்விட்ட வீட்டுக்காரர்கள் படம் வாங்க வந்து, கவுன்டரில் நின்று, இப்படித்தான் தோள் குலுங்கச் சொல்வார்கள். அதற்கென்று ஸ்டூடியோவில் ஒரு முறையே உண்டு. செத்தவங்க டச்சிங் என்று அதற்குப் பெயர். உயிரோடிருப்பவர்களுக்குத் தழும்பைப் போக்கினால் போதும். சுருக்கத்தைக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் மாறிவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள். செத்தவர்களுக்கு ஒரு கோடும் வைக்கக்கூடாது. புருவ மத்தி சுத்தமாக இருக்கவேண்டும். உதட்டோரம் ஒரு மயிரிழை தூக்கவேண்டும். கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் வைக்கவேண்டும். அவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அந்தப் புள்ளியை வை என்று பேராசிரியர் சொல்லவில்லை. முதலாளி சொல்லவில்லை. அவள் கை தானாக வைத்திருந்தது. ஆபீஸ்காரர்கள் கருதினார்கள் என்று இத்தனை நாள் கொதித்தவளின் கை, பாஸ்போர்ட் கட்டுக்கும் கல்யாணக் கட்டுக்கும் நடுவில், போகிற போக்கில் கருதிவிட்டிருந்தது.

"குடுங்கப்பா அதை."

"இருக்கட்டும்மா. இன்னும் கொஞ்ச நேரம்."

"இது அவன் இல்லப்பா."

"என்னம்மா சொல்ற? எப்பவும் சிரிச்ச முகம்தானே அவனுக்கு."

"எப்பச் சிரிச்சான்? நீங்க பார்த்தீங்களா? பலகையில பார்த்துட்டு வந்தானே அன்னிக்கு, சோத்தைத் தொடாம எழுந்து போனானே, அன்னிக்குச் சிரிச்சானா?"

"அதை எதுக்கு இப்ப இழுக்கற? நம்மளை மதிச்சு மண்டபத்துல மாட்டறாங்க. எந்த மூஞ்சியா இருந்தா என்ன, மேல தொங்குதுல்ல?"

"எந்த மூஞ்சியா இருந்தா என்னவா?"

"உனக்கு அவன்மேல இருக்கற கோவம் இன்னும் தீரல. அதான் இப்படிப் பேசற."

"ஆமா, தீரல. தீர்க்கறதுக்கு அவன் வரணும். வரமாட்டான்."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அப்பா படத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அவள் அதுவரை அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. படத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி இரண்டாகக் கிழித்தாள். அப்பா அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. ரப்பர்ப் பசை ஒட்டிய விரல்கள். பிறகு அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி வருவதற்கு முன் அவள் மேஜைக்குப் போய்விட்டாள். பஞ்சை டர்பன்டைனில் நனைத்து நெகட்டிவைத் துடைத்தாள். புருவக் கோடு திரும்பி வந்தது. உதட்டோரம் இறங்கியது. கண்ணிலிருந்த புள்ளி போயிற்று. அத்தோடு விட்டிருக்கலாம். பென்சிலை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள். புருவ மத்தியில் இருந்த கோட்டின்மேலேயே, அது எங்கே போகிறதோ அங்கேயே, மெல்லச் சுரண்டினாள். இனி எந்தப் பஞ்சும் அதை அழிக்காது. பிறகு மார்புக்கு வந்து, இரண்டு சிறகில் ஒன்றை முழுசாகச் சுரண்டி எடுத்தாள். கை நடுங்கவில்லை.

ஆந்தை இருட்டறையிலிருந்து பெரிய பிரிண்டை நனைந்தபடி எடுத்து வந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"முறைக்கிறாப்ல," என்றார். "என்னைத்தான் முறைக்கிறாப்ல. நான் என்ன தங்கச்சி பண்ணேன்?"

"கழுத்து தடின்னு சொன்னீங்கல்ல."

அவர் சிரிக்கவில்லை. "முதலாளி குதிப்பாரு. யூனிவர்சிட்டி வேலை போச்சுன்னா நம்ம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

"போலாம்."

"எனக்கு வீட்டுல வெளிச்சம் ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டுப் படத்தை உலரப் போட்டார்.

முதலாளி குதித்தார். கை கால் விழுந்துவிடும்போல் குதித்தார். சோறு போடுகிற இடத்தில் மண்ணைப் போடுகிறாயா என்றார். குழுப் படத்திலிருந்து மறுபடி முதலிலிருந்து செய் என்றார். அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். டச்சிங்குக்கு வேறு ஆளில்லை. அதற்கு நேரமும் இல்லை. அவருக்கு அது தெரியும். பேராசிரியரும் வந்துவிட்டார்.

படத்தைப் பார்த்ததும் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சிரிக்க வைக்கச் சொன்னேனேம்மா."

"சிரிக்கல சார்."

"அது தெரியுது. ஏன்?"

"அன்னிக்கு அவன் சிரிக்கல. ஏன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

முதலாளி, "ஏய்," என்றார். பேராசிரியர் அவரைக் கையமர்த்தினார்.

"அதெல்லாம் பழைய கதைம்மா. அந்த மாதிரி விஷயமெல்லாம் நான் ஒருத்தன் முடிவு பண்றதில்ல. உன் தம்பி எனக்கு மகன் மாதிரி."

"மகனுக்குத் தரலையே சார். மருமகனுக்குத்தானே தந்தீங்க."

பேராசிரியரின் காதுகள் சிவந்தன. அவர் கெட்டவராகத் தெரியவில்லை. தூக்கம் கெட்டவர் போலத்தான் இருந்தார். அது அவளை இன்னும் எரித்தது.

"அந்த வேலை அவனுக்குக் கிடைச்சிருந்தா இப்ப என் முன்னாடி உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருப்பான்," என்றாள். "நீங்க அவனுக்கு இடம் குடுத்திருக்கவேண்டியது சுவத்துல இல்ல. ஒரு நாற்காலி. ஒரே ஒரு நாற்காலி சார்."

"நான் அவனைப் போருக்குப் போகச் சொல்லலம்மா."

"போகாதன்னும் சொல்லலையே."

பேராசிரியர் படத்தை மறுபடி பார்த்தார். படத்திலிருந்தவன் அவரைப் பார்த்தான். இந்த முறை பிடரியை அல்ல. அவர் முதலாளியிடம் திரும்பி, "கட்டிக் குடுங்க," என்றார். "நாளைக்கு வேற வழியில்ல."

பழுப்புக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தார்கள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் தெருவைக் கடந்து போவதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு சைக்கிள்காரன் அவரை இடிக்கப் பார்த்து, திட்டிவிட்டுப் போனான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை விழா நடந்தது. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாகப் போனார். அவள் வேலைக்குப் போனாள். மண்டபத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் படத்தை மாட்டினார்கள். பேராசிரியர் பேசினார். அந்தப் பார்வையில் இருக்கும் உறுதியைப் பாருங்கள், எதிரியை நேருக்கு நேர் சந்தித்த வீரனின் முகம் இது என்றார். மாணவர்கள் கைதட்டினார்கள். பேராசிரியரின் மருமகன் நன்றி சொன்னார். சிறகைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மதியம் அப்பா ஸ்டூடியோவுக்கு வந்து கவுன்டரில் நின்றபடி இதையெல்லாம் சொன்னார். தானும் கைதட்டியதாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். ஆந்தை அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷத்துப் படங்களுக்கும் யூனிவர்சிட்டியிலிருந்து சொல்லிவிட்டார்கள் என்று முதலாளி பொதுவாக அறிவித்தார். அன்று பாஸ்போர்ட் படங்கள்தான் அதிகம். ஒரு கைக்குழந்தையின் படமும் இருந்தது, அதில் டச்சிங் எதுவும் தேவைப்படவில்லை. சாயங்காலம் மேகம் போட்டு வெளிச்சம் குறைந்தது. அவள் மேஜையைத் துணி போட்டு மூடினாள்.